நாலு டன்

வாய்மொழித் தேர்வில் எனக்கு ஐந்து மதிப்பெண் போனது,
ஒரே ஒரு எண்ணால்.

அதற்கு முன் இதைச் சொல்லிவிடுகிறேன்.
அம்மாவும் அப்பாவும் அங்கேயும் அம்மா அப்பாதான்
என்கிற வியப்பை முதல் நாளே தீர்த்துவிட்டோம்.
பதினோரு பேரும் ஒரே குரலில் சொல்ல,
ஒ மி-ரான் ஸ்வெட்டர் கையை இழுத்துவிட்டுக்கொண்டு
ஆமாம் ஆமாம் என்றார்.
வருடா வருடம் கேட்டிருப்பார்.

எனக்குப் பிடித்தது வேறு.
உதட்டைக் குவிக்காமல், பல் தெரிய இழுத்து
ஒரு உகரம் சொல்லச் சொன்னார்.
மற்றவர்களுக்கு மாதக்கணக்கில் ஆகுமாம்.
பத்தாம் வகுப்பில் அரை மாத்திரை என்று
பாதி நொடித்துக் காட்டிய அதே உகரம்;
காடு, ஆடு, எஃகு,
எல்லாவற்றின் வாலிலும்
குளிரில் சுருண்டு கிடப்பது.

'மொகொ பொதா' என்பதை விளக்க
ஆங்கிலப் புத்தகம் அரைப்பக்கம் எடுத்துக்கொண்டது.
சாப்பிட்டுப் பார்,
என்றாள் பின்வரிசை ரூபாவதி.
அவ்வளவுதான்.

பிறகு, எழுத்துக்கு அடியில் ஒரு மெய்யை வைத்து
முட்டுக்கொடுக்கிறார்கள்.
கேத்தி பாலாடா ஏற்றத்தில் லாரி நின்றதும்
பின்சக்கரத்துக்குக் கல் வைப்பதுபோல.
இரவு பதினொன்றுக்கு
அந்தக் கல்லை வைப்பவள் நான்தான்.

பெள்ளிராஜ் அண்ணன் மோட்டாரைப் போடுவார்.
உருளைக்குள் கேரட் புரளும் சத்தத்தில்
யாருக்கும் யார் பேச்சும் கேட்காது.
நான் உரக்கவே படிப்பேன்.
தாங்குன். தாங்குன்.
கேரட்டுக்கு அங்கே அதுதான் பெயர்:
தாங்கு, அடியில் கல்லாக ஒரு ன்.
'பின்னே இல்லையா' என்பதற்கும்
விளையாட்டாக அதையே சொல்வார்களாம்.

பண்பாட்டுத் தாளில் ஒரு படம்.
குளிர்காலத்துக்கு முன் பெண்கள் கூடி
முட்டைக்கோஸ் மலையைக் கழுவுகிறார்கள்.
கேள்வி, சமூக ஒற்றுமை பற்றி.
நான் பார்த்தது கையுறையை.
முழங்கை வரை ரப்பர்.
உள்ளே தண்ணீர் போய்விட்டால்
கழற்றவும் முடியாது, போடவும் முடியாது,
அதை எழுத இடம் விடவில்லை.

'நேற்று என்ன செய்தீர்கள்?'
விடை பாடத்தில் இருக்கிறது:
தோழியோடு காபிக்கடைக்குப் போனேன்.
படம் பார்த்தேன். மழை வந்ததால் குடை வாங்கினேன்.
மனப்பாடம்தான்.
ஆனால் தொண்டைவரை வந்த காபி
என்னவோ அங்கேயே நின்றுவிட்டது.

கேரட் கழுவினேன் என்றேன்.
எவ்வளவு?
சா தோன்.

அங்கே எண்ணுக்கு இரண்டு வரிசை,
குழப்பாதவர் கிடையாது.
நாலு கேரட்டா? விரல் விட்டுக் காட்டினார்.
இல்லை.
நாலு கிலோ?
இல்லை.
சிவப்புப் பேனா ஒரு வட்டம் போட்டது.

மறுக்கத் தெரியும் எனக்கு.
ஆசிரியரை மறுக்கும்போது
வினைச்சொல்லுக்கு எந்த வால் ஒட்டவேண்டும் என்று
தேடிக்கொண்டிருந்தேன்.
அதற்குள் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.
எழும்போது கையை மேசைமேல் ஊன்றினேன்.
நகக்கண்ணில் சேறு,
விரல் நுனியெல்லாம் ஊறிச் சுருங்கி.
பார்த்தாரா தெரியாது.

ஆறு மணி பஸ்ஸுக்கு இறங்குகையில்
துறை அறைக் கதவு பாதி திறந்திருந்தது.
போனில் பேசிக்கொண்டிருந்தார்,
அங்கே மணி ஒன்பதரை ஆகியிருக்கும்.
புத்தகத்தின் இடைவெளிகள் இல்லாத கொரியன்;
ஒரு சொல் பிடிபடவில்லை.
பிறகு, மூச்சு வாங்கி, மெதுவாக:

சா தோன்-இரேயோ.

நாலு டன்னாம்.

எனக்காகச் சொல்லாத ஒரு வாக்கியம்
முதல்முறை முழுசாகப் புரிந்தது.
ஊட்டிப் பனியில் படிக்கட்டு தெரியாமல்
கைப்பிடியைத் தடவி இறங்கினேன்.

மதிப்பெண் திரும்பி வரவில்லை.
ராத்திரி பெள்ளிராஜ் அண்ணன்
மோட்டார் போடுமுன் சொன்னார்,
இன்றைக்கு ஐந்தரை வருதாம்.