ஸ்வைஃபெல் விட்டுப்போன எண்கள்

வண்டியை விற்றவர் பெயர் ஸ்வைஃபெல்.
இந்த ஊர் மொழியில் அதற்குச் சந்தேகம் என்று அர்த்தம்.
துளிச் சந்தேகம் இல்லாமல் ஓட்டியிருக்கிறார் மனுசன்.

டிராக்ஷன் கண்ட்ரோல்: ஒன்று.
வீலி கண்ட்ரோல்: அணைத்தாயிற்று.
பின்சக்கர ஏ.பி.எஸ்: அதுவும்.
இன்ஜின் பிரேக்கிங்: உள்ளதிலேயே குறைவு.
இத்தனைக்கும் சேர்த்துத் திரையில்
'என்னுடையது' என்று பெயர் வைத்திருந்தார்.
ஒன்பதாயிரத்து நானூறு ஃபிராங்குக்கு
அவருடைய என்னுடையது என்னிடம் வந்தது.
கூடவே இரண்டு திறப்பு, அரைப்போத்தல் செயின் எண்ணெய்,
முழங்கால் போய்விட்டது, அதுதான் விற்கிறேன் என்ற சிரிப்பு.
எப்படிப் போனது என்று நான் கேட்கவில்லை.

கிளவுசன் கணவாயிலிருந்து இறங்கும்போது
மூன்றாவது கொண்டை வளைவு.
ஆக்சிலரேட்டரை மூடினேன்.
மூடினால் வண்டி பின்னிழுக்கும்,
சட்டைக் காலரை யாரோ பற்றியதுபோல:
பழைய வண்டி என் மணிக்கட்டுக்குப் பழக்கியது அது.
இது இழுக்கவில்லை.
கூப்பிட்டது காதில் விழாததுபோலத்
தன்பாட்டில் போனது,
கோட்டைத் தாண்டி,
அடுத்தவர் பாதிக்குள்.

மஞ்சள் தபால் பேருந்து மூன்று சுரத்தில் ஊதியது.
அதன் கண்ணாடியில் என் ஹெல்மெட்டைப் பார்த்தேன்,
அவ்வளவு கிட்ட.
ஓட்டுநர் திட்டவில்லை.
ஒரு கையை மட்டும் விரித்துக் காட்டினார்.

ஊர்னர்போடனில் நிறுத்தினேன்.
பசுக்கள் வீதியைக் கடந்து முடிப்பதற்குள்
கை நடுக்கமும் முடிந்துவிடும் என்று நினைத்தேன்.
பசுக்கள் முந்திவிட்டன.

கிளாருஸ் ஆஸ்பத்திரியில் நான் தீவிர சிகிச்சைத் தாதி.
பிறர் மூச்சுக்கு எண் வைத்துப் பார்ப்பது தொழில்.
உள்ளே போகும் காற்றைப் பற்றித்தான் உறவினர் கேட்பார்கள்.
நான் வெளியே வருவதைக் கவனிப்பேன்.
முழுக்க விட்டுவிட்டால் நுரையீரல்
நனைந்த பையின் வாய்போல ஒட்டிக்கொள்ளும்.
விடும் மூச்சிலும் ஐந்தோ எட்டோ
பிடித்துவைக்க வேண்டும்.
பதினோரு வருசம் இதைச் செய்கிறவள்
ஒரு இன்ஜின் எப்படி மூச்சு விடுகிறது என்று
பார்க்காமலே ஏறி உட்கார்ந்திருக்கிறேன்.

நியூட்ரல். பட்டனை மூன்று விநாடி அழுத்து.
ஏ.பி.எஸ் இரு சக்கரத்துக்கும். டிராக்ஷன் ஐந்து.
வெட்கம் என்ன, என் தோல்தானே.
இன்ஜின் பிரேக்கிங்: மூன்று, உச்சம்.
திரும்ப மேலே ஏறி, திரும்ப அதே வளைவு.
இரண்டாம் கியருக்கு இறக்கினேன்.
சுடுமணலில் கால்வைத்ததுபோல
பின்டயர் தத்தித் தத்தி வந்தது,
இடுப்பு ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம்.
காலரைப் பிடிக்கச் சொன்னேன்,
கழுத்தைப் பிடித்தது.

இரண்டு.
மறுபடி ஏறும்போது சீஸ் கடைக்காரி
வாசலில் நின்று தலையை ஆட்டினாள்.
நாலாவது தரமும் போனால்
போலீசுக்குச் சொல்வாள் போல.

மூன்றாவது வளைவு. மூடினேன்.
சத்தம் ஒரு படி இறங்கியது.
பாரம் முன்னால் வந்து ஃபோர்க்கில் உட்கார்ந்தது,
தூங்கும் பிள்ளையை ஒருவர் தோளிலிருந்து
இன்னொருவர் தோளுக்கு மாற்றுவதுபோல.
பிரேக்கில் ஒற்றை விரல் போதும்.
சாய்ந்தேன். தார் பக்கத்தில் வந்தது, போனது.
திரையோரத்து மஞ்சள் விளக்கு
எரியவேயில்லை.
எரியும் என்று எனக்குத் தெரியும்,
அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

லின்தாலுக்கு வந்து,
எந்த வளைவில் முழங்கால் போனது என்று
ஸ்வைஃபெலுக்கு எழுதிக் கேட்டேன்.
உடனே பதில்:
வளைவா? நிலவறைப் படிக்கட்டில்,
உருளைக்கிழங்குக் கூடையோடு.

இன்றிரவு ஒன்பதுக்கு வேலை.
என் எண்களை இரண்டாம் இடத்தில் சேமித்தேன்.
பெயர் கேட்டது வண்டி. வெறுமையாக விட்டேன்.
அவருடையதை அழிக்கவில்லை.
படிக்கட்டுக் கதையில்
எனக்குக் கொஞ்சம் ஸ்வைஃபெல்.