நூற்றுப் பதின்மூன்று

கஸ்தூரியார் வீதியில் ஒரு நகைக்கடைக்கு மேல்மாடி.
ஏசி ஓடினால் மட்டும் வேலை செய்யும்
மெஷினோடு இருக்கிறேன்.
மஞ்சள், செம்மை, நீலம், கறுப்பு என்று
அதன் வயிற்றுக்குள் ஒரு ரிப்பன் சுற்றிக் கிடக்கிறது.
ஈரமில்லாத மை.
சூடு பட்டால் ஆவியாகும்,
ஆவியாகிப் பக்கத்திலிருப்பதற்குள் புகுந்துகொள்ளும்.
பிறகு நகத்தால் சுரண்டினாலும் வராது.

பிலோமினா அக்கா குருநகரிலிருந்து
பென் டிரைவை லேஞ்சியில் முடிந்து கொண்டுவந்தா.
கடற்றொழிலாளர் சங்கத்து ஆக்கள்
நூற்றுப் பன்னிரண்டு பேர்.
எல்லாருக்கும் பின்னால் கடல்.
அவவே போனில் எடுத்த கடல்,
விடிய ஐந்தரைக்கு.

"கடல் சரிஞ்சு நிக்குது, நிமித்தவோ அக்கா?"
"வேண்டாம். வள்ளத்தில நிண்டு எடுத்தது.
அங்க அப்பிடித்தான் தெரியும்."

மாதிரிக்குக் கடலை மட்டும்
பழைய மெஷினில் அடித்துக் காட்டினேன்.
நாலு பக்கமும் மயிரளவு வெள்ளை.
பழைய மெஷினுக்கு விளிம்பென்றால் பயம்,
தொட்டால் தலை பழுதாகும்,
கொஞ்சம் முன்னமே நின்றுவிடும்.
அக்கா அட்டையை வெளிச்சத்தில்
திருப்பித் திருப்பிப் பார்த்தா.
"இதென்ன பிள்ளை,
கடலுக்கு வேலி அடைச்சு வச்சிருக்கிறாய்?"

புது மெஷினில் என்றால் அட்டைக்கு எண்பது ரூபாய் கூட.
அறுபதில் நின்றோம்.

அது நேரே அட்டையில் அடிக்காது.
முதலில் ஒரு கண்ணாடிப் பிலிமில்,
இடம்வலம் மாற்றி,
அட்டையைவிடப் பெரிய கடலாக.
பிறகுதான் கொதிக்கிற உருளை
அதை அட்டையோடு சேர்த்து அழுத்தும்.
விளிம்பு நிறையவேண்டுமென்றால்
விளிம்புக்கு வெளியிலும் கொஞ்சம் கடல் வேண்டும்,
ஒருவர் கைக்கும் போய்ச்சேராத கடல்.

ஐம்பத்தெட்டாவது அட்டையில் தூசி.
அமலதாசன் என்ற ஒருவரின் கன்னத்தில்
வெள்ளையாய் ஒரு புள்ளி.
"அவற்ற முகத்தில எந்தநாளும் உப்புத்தான்,"
என்று சிரித்தா.
சிரித்துவிட்டுத் திரும்ப அடிக்கச் சொன்னா.
அடித்தேன். பழுதானது மேசைக்குக் கீழே.

இரண்டு தரம் கரண்ட் போனது.

எல்லாம் முடிந்து ரிப்பனைக் கழற்றும்போது
கையை நீட்டினா.
யன்னலுக்கு நேரே விரித்துப் பிடித்தா.
மஞ்சளில் ஒரு தரம், செம்மையில் ஒரு தரம்,
நீலத்தில் ஒரு தரம்,
ஒவ்வொருவரும் மூன்று பேராக,
மை போன இடமெல்லாம் வெளிறி,
கண்மணி வெள்ளையாய், பல் இருட்டாய்.

"எங்கட ஆக்கள் முழுப்பேரும்
இதுக்குள்ள நிக்கினமே."
நிக்கினம் அக்கா.
"பேரும்?"
பேரும் இலக்கமும். கறுப்பில இருக்குது.

அவ எண்ணத் தொடங்கினா.
நான் தேத்தண்ணிக்குச் சொல்லிவிட்டேன்.
தேத்தண்ணி வந்தது, ஆடை படர்ந்தது.
உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

"நூற்றிப் பதின்மூண்டு.
அட்டை நூற்றிப் பன்னிரண்டு.
மிச்சம் ஆர்?"

குனிந்து அமலதாசனை எடுத்துக் கொடுத்தேன்.
கத்தரிக்கோல் கேட்டா.
முகத்தை நாலாக,
பேரை இரண்டாக,
இலக்கத்தை எண் எண்ணாக
வெட்டித் தன் கைப்பைக்குள் போட்டா.
ஏனென்று நான் கேட்கவில்லை.
இந்த ஊரில் அட்டை என்றால்
எத்தனை, எங்கே, யார் கையில் என்று
தெரிந்திருக்கவேண்டும்.
எனக்கு இருபத்தாறு வயது, எனக்கே தெரியும்.

ரிப்பனைச் சொப்பிங் பையில் சுற்றினா.
"எரிக்கப் போறியளோ?"
"எரிக்கத்தான். அதுக்கு முதல்
அமலதாசனுக்கு ஒருக்காக் காட்டவேணும்.
வெறியில இல்லாமலே தன்னை
மூண்டு பேராப் பாக்கட்டும்."
படியில் இறங்கும்போதும் சிரிப்புக் கேட்டது.

பின்னேரம் பிலிமைக் கழற்றினேன்.
அதில் முகமில்லை, பேரில்லை.
நூற்றுப் பதின்மூன்று தரம்
அட்டை அளவில் ஒரு வெறுமை,
சுற்றிவர நூலளவு கடல்,
இடம்வலம் மாறி, மற்றப் பக்கம் சரிந்து.

மாநகரசபை லொறி செவ்வாய்க்கிழமைதான் வரும்.
அதுவரைக்கும்
யன்னல் கொழுக்கியில் கிடக்கட்டும்.