இணையாக மாற்றவும்

தார்த்து நகரில் பனி சேறாகும் மார்ச்.
ஒற்றை ஒலிபெருக்கியைத் தூக்கி வந்தார் ஹில்லார்.
"உச்ச ஸ்வரம் மங்கிவிட்டது."
"இன்னொன்று எங்கே?"
"பார்னுவில். விவாகரத்தில் வைக்கேவுக்குப் போனது.
மேலே பெரணித் தொட்டி வைத்திருக்கிறாளாம்."

பின்பலகையைக் கழற்றினேன்.
எழுபத்தொன்பதாம் ஆண்டுத் தூசி, ஒரு செத்த ஈ,
மெழுகில் யாரோ தொழிலாளியின் கட்டைவிரல் ரேகை.
கப்பாசிட்டரின் மேல் நான்கு என்று அச்சு.
மீட்டர் ஆறரை என்றது.
இத்தனை வருடமும்
சொன்னது ஒன்று, சுமந்தது ஒன்று.

மாற்றினால் இரண்டிலும் மாற்ற வேண்டும் என்றேன்.
ஒரு பக்கம் மட்டும் புதிதானால்
பாடகி நடுவில் நிற்க மாட்டாள்,
நகர்ந்துகொண்டே போவாள்.
ஹில்லார் தலையாட்டினார்.
தொலைபேசியை எடுக்கவில்லை;
முகவரியை மட்டும் எழுதிக் கொடுத்தார்,
கதவிலக்கம் வரைக்கும் மனப்பாடமாக.

ஒரே அளவு காட்டிய இரண்டைப் பொறுக்க
ஒரு பெட்டியே தேவைப்பட்டது.
ஒன்றை இங்கே பற்றவைத்தேன்.
மற்றது தபால் உறையில், ஒரு சீட்டோடு:
"இதற்கு நேர்முனை எதிர்முனை கிடையாது.
எந்தக் காலை எங்கே வைத்தாலும் சரி."

ஏப்ரலில் பதில் வந்தது.
"செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் வேலை எனக்கு.
பற்றவைக்கத் தெரியும்; வைத்துவிட்டேன்.
பெரணி ஜன்னலுக்குப் போய்விட்டது.
வயலின் நன்றாகவே கேட்கிறது,
ஆனால் வயலின் மட்டும்தான்.
அவரிடம் சொல்ல வேண்டாம்."

உறையின் அடியில் இருபது யூரோ,
அதற்குள் சுருட்டிய பழைய கப்பாசிட்டர்.
வேலை ஒன்றும் இல்லை.
அதையும் அளந்தேன்.

ஆறரை.