ஐம்பத்திரண்டு நிமிடம்

கொசப்பேட்டையில் விடியுமுன்
விசில் ஊதிக்கொண்டு வருகிறாள் தனகோட்டி.
பின்னால் நான்,
அட்டையில் செருகிய தாளும்
கழுத்தில் தொங்கும் ஸ்டாப்வாட்சுமாய்.
"இன்னாம்மா, ஓட்டப்பந்தயமா?"
மாடியிலிருந்து ஒருவர் கேட்கிறார்.

மூன்று தெரு, இருநூற்றுப் பன்னிரண்டு வீடு.
ஒரு வாசலுக்குப் பத்தொன்பது விநாடி.
கலந்துகட்டித் தருகிற வாசலென்றால் நாற்பத்தைந்து:
சோறும் நாப்கினும் உடைந்த கண்ணாடியும்
ஒரே பையில் வரும்,
முடிச்சை அவிழ்க்க மட்டும் பதினொன்று.
குனிந்து நிமிர்வது அறுநூற்று நாற்பது முறை.
அதற்கு என் பாடத்தில் ஒரு குறியீடு உண்டு.
அவள் இடுப்பு அதை வேறு பெயரில் அழைக்கும்.

ஆறு நாள் அளந்து
கோடு போட்டுப் பார்த்ததில் தெரிந்தது:
வண்டி பள்ளத்தில் தொடங்கி மேட்டுக்குப் போகிறது,
வீட்டுக்கு வீடு கனம் கூடக்கூட.
யார் சொன்னது இப்படி?
யாரும் சொல்லவில்லை.
சாவி மாட்டியிருக்கும் கொட்டகை பள்ளத்தில் இருக்கிறது,
அவ்வளவுதான்.

மாற்றினோம்.
காலி வண்டி மேடேறட்டும், நிறைந்தது இறங்கட்டும்.
குனியாதிருக்கத் தொட்டிக்கு அடியில்
முழ உயரத்தில் இரும்புக் கால் வைத்தார்
வெல்டிங் கடை எட்டியப்பன்.
காசு வேண்டாம், தினமும் என் வாசலுக்கு முதலில் வா என்றார்.
அது மட்டும் ஆகாது என்றாள் தனகோட்டி.
அப்படியானால் முந்நூறு என்றார்.

மிச்சம்: ஐம்பத்திரண்டு நிமிடம்.

சுகாதார அலுவலகத்தில்
என் தாள்கள் மின்விசிறிக்குக் கீழே படபடக்க
அதிகாரி கைபேசியில் கணக்குப் போட்டார்.
"நூற்று அறுபத்து நாலு வீடு கூடச் சேர்க்கலாமே."

கணக்கு சரி.
இதே கணக்கைப் போட்டவள்தான் நானும்,
ஆம்பூர் ஷூ கம்பெனியில்.
மேல்தோல் தைக்கும் வரிசையில்
நாற்பது விநாடியை முப்பத்தாறாக்கினேன்.
கைதட்டினார்கள், கேக் வெட்டினோம்.
மறுநாள் மணிக்குத் தொண்ணூறு ஜோடி
நூறு ஜோடியானது.
ஏழாம் மிஷின் தாஹிரா
தண்ணீர் பாட்டில் கொண்டுவருவதையே விட்டாள்.
குடித்தால் எழுந்து போகவேண்டுமே.
நான் மிச்சம் பிடித்த நாலு விநாடி
அவள் சிறுநீர்ப்பையில் இருந்தது.
எந்த வரைபடத்திலும் அதை நான் காட்டியதில்லை.

பஞ்சப்படி தெரியும் அதிகாரிக்கு, பயணப்படி தெரியும்.
ஓய்வுப்படி என்றும் ஒன்று இருக்கிறது சார் என்றேன்.
களைப்புக்கு, வெயிலுக்கு, உடம்பின் அவசரத்துக்கு.
தர்மம் இல்லை, சூத்திரத்திலேயே இருக்கிறது,
வேலை நேரத்தோடு கூட்டவேண்டியது.
இத்தனை வருஷம் பூஜ்யத்தைக் கூட்டி வந்திருக்கிறோம்.
கத்திரியில் இந்த ஊர் மலைப்பாறை
ராத்திரி பத்துக்கும் அனல் கக்குவது
உங்களுக்குத் தெரியாததா?

பேனாவை மூடினார், திறந்தார்.
ஐம்பத்திரண்டை அடித்து முப்பது என்று எழுதினார்.
மீதிக்கு அறுபத்தொன்பது வீடு.
சண்டை போட்டிருக்கலாம்.
மனம் மாறுமுன் கையெழுத்தை வாங்கிக்கொண்டேன்.

ஒன்பதரைக்குப் புங்கமரத்தடியில்
வண்டியை ஓரங்கட்டிக் குந்துகிறாள்.
முதல் வாரம் அவளுக்குக் குந்தத் தெரியவில்லை,
எழுந்து எழுந்து பைகளை அடுக்கினாள்.
இரண்டாம் வாரம் செருப்பைக் கழற்றினாள்.
மூன்றாம் வாரம் தண்ணீர் குடித்தாள், முழு பாட்டில்.
குறித்தேன்,
கட்டம் இல்லாததால் ஓரத்தில்.

"எழுதுறியே, இதையும் எழுது,"
மூடியைத் திருகிக்கொண்டே சொன்னாள்.
"குடிச்சிட்டேன். இப்ப எங்க போறது?"

நாலு தெரு, இருநூற்று எண்பத்தோரு வீடு.
ஒவ்வொன்றிலும் ஒரு கழிப்பறை.
அவளுக்குத் திறப்பது
பழைய பஸ் ஸ்டாண்டில் இருப்பது:
போகப் பதினாலு நிமிடம், வரப் பதினாலு.

கடிகாரத்தை அழுத்தினேன்.
நடந்தோம்.