இரண்டு கேன் பெட்ரோல்

அவன் தன் அம்மாவுக்குள் போயிருக்கலாம்.
சமைத்த மீனைத் தட்டில் கொண்டுபோய் வைத்து
அவனைத் தனக்கென்று கேட்டாளே செகுண்டா,
அவளுக்குள் போயிருக்கலாம்.
பிஜகோஸின் எண்பத்தெட்டுத் தீவுகளில்
வேறு பெண்ணா இல்லை?
ஒகந்தெ வந்து உட்கார்ந்தது
எனக்குள்.

எனக்கு அவனைப் பிடிக்காது.
பிசாவிலிருந்து நான் வரவழைத்த
இரண்டு கேன் பெட்ரோலை வாங்கிக்கொண்டு
"நாளைக்கு, ஜோக்கினா அக்கா" என்று
எட்டு நாளை சொன்னவன்.
ஒன்பதாம் நாளையில்
படகு மட்டும் திரும்பி வந்தது,
வயிற்றை வானத்துக்குக் காட்டியபடி.

எங்கள் தீவில்
காட்டுக்குள் போய் வராத பையன்
செத்தாலும் முடிந்தவன் இல்லை.
தலையில் சுறா முகமூடி கட்டி ஆடியிருப்பான்,
பெண்கள் பார்த்துச் சிரித்திருப்பார்கள்,
அதெல்லாம் கணக்கில் வராது.
மூத்தோர் ஊருக்குப் போக
அவனுக்கு வழி விடமாட்டார்கள்.
ஓதம் ஏறினால் ஏறி
வற்றினால் வற்றி
கரையோரம் நனைந்து கிடப்பான்,
ஒரு பெண் உடம்பு கொடுக்கும்வரை.

முதலில் எனக்குப் புரியவில்லை.
சேற்றில் சிப்பி பொறுக்கக் குனிந்தேன்.
இடக்கை தானாக எழுந்து
வலை வீசும் வாகில் சுழன்றது.
நான் வலக்கைக்காரி.
வலையைத் தொட்டதே இல்லை.
அன்றிரவு கள்ளை ஒரே மூச்சில் குடித்துவிட்டு
ஒரு நாயைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்.
அவன் நாய் அது.
வந்தது.

நான் மண் பிசைந்து கட்டிய வீடு,
அதனால் என் புருஷன் அஃபோன்சுதான்
பாயைச் சுருட்டிக்கொண்டு வெளியேறினான்.
"ஒரு பையன் பக்கத்தில் எப்படிப் படுப்பது?"
நியாயம்தான்.

பூசாரி ஒக்கிங்கா
என் இமையை விலக்கிப் பார்த்தாள்.
"இன்னும் ஈரமாக இருக்கிறான்" என்றாள்.

பிறகு காடு.
பதினொரு பெண்கள், ஆளுக்கொரு பையன்.
ஒருவன் பாம்பு தீண்டியவன்.
ஒருவன் காய்ச்சலில் போனவன்.
பனையிலிருந்து விழுந்தவனைச் சுமந்தவள்
இடுப்பைப் பிடித்தபடியே நடந்தாள்.
அங்கே நடந்ததைச் சொல்ல மாட்டேன்,
கேட்காதே.
ஆண்கள் தங்கள் காட்டை எங்களிடம் சொல்வதில்லை,
நாங்களும் சொல்வதில்லை.
ஒன்றே ஒன்று சொல்கிறேன்,
அது என் பணம் என்பதால்.

ஒக்கிங்கா கேட்டாள்:
"ஒகந்தெ, யாருக்கு என்ன பாக்கி?"

என் வாய் திறந்தது.
என் பல், என் நாக்கு,
அவனுடைய இழுவைக் குரல்:
"ஜோக்கினா அக்காவுக்கு
இரண்டு கேன் பெட்ரோல்."

இரண்டு என்றே சொன்னான்.
மறக்கவில்லை, கடன்காரப் பயல்.

கொடுக்க அவனுக்கு
என் இடக்கைதான் இருந்தது,
அதில் ஒன்றுமில்லை.
வாங்க எனக்கு
என் வலக்கை இருந்தது,
அதையும் நீட்டினேன், வெட்கமில்லாமல்.
கையும் கையும் ஒட்டிக்கொண்டு
எவ்வளவு நேரம் நின்றேனோ.
"விடு" என்று யாரோ சொன்னார்கள்.
கடனையா, அவனையா, கையையா?
மூன்றையும் விட்டேன் என்றால் பொய்.

ஊர் திரும்பியபோது
அவன் அம்மா என் கால் புழுதியைத் துடைத்தாள்.
"ஆளாகி வந்துவிட்டாயா மகனே?"
என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டாள்.
"ஆமாம் அம்மா" என்றது நான்.
அவன் அதற்குள் போய்விட்டிருந்தான்.
கடைசி மரத்தருகே
தோள்கள் இரண்டும் காய்ந்து லேசானதில்
தெரிந்துகொண்டேன்.

விடியலில் வாசலில் ஒரு கேன்,
மூடியில் துணி இறுக்கிக் கட்டி.
அவள் நின்றிருந்தாள்.
"இன்னொன்று நாளைக்கு."
வேண்டாம், தீர்ந்துவிட்டது என்று
சொல்லியிருக்க வேண்டும்.
வாய் வரவில்லை.
அவளுக்கு ஒரு நாளை இருக்கட்டும் என்று
உள்ளே எடுத்து வைத்தேன்.

நண்பகலில் அஃபோன்சு
பாயோடு வந்து மூக்கைச் சுளித்தான்.
"வா" என்றேன்,
"அடுப்பை மட்டும்
அந்த மூலைக்குத் தள்ளி வை."