அரை வாளித் தண்ணீர்

நான் போய்ச் சேர்வதற்குள்
விமானத்தைக் கொட்டகைக்குள் இழுத்து
ஹீட்டரும் போட்டுவிட்டார்கள்.
நல்லெண்ணம்தான்.
மல்லாந்து கிடந்ததை நிமிர்த்தியவர்கள்
லாப்லாந்துக் குளிரிலா விட்டுவைப்பார்கள்.

பிரேக்கைத் தொடவே இல்லை என்கிறார் ரெய்னோ.
காறை எலும்பு முறிந்து
வலக்கை கழுத்தில் தொங்க,
மூன்றாவது முறையாக.
பெல்ட்டில் தலைகீழாகக் கிடந்த பத்து நிமிடமும்
இதையேதான் சொன்னாராம்,
கலைமான்களுக்கான மருந்துப் புட்டிகள்
தரையாகிவிட்ட கூரையில்
உருண்டுகொண்டிருக்க.

எல்லா விமானிகளும் சொல்வதுதான்.
சக்கரத்தைச் சுண்டிவிட்டேன்.
சுற்றியது,
ஒன்றும் அறியாததுபோல.

ஓடுதளத்தில் இரண்டு கருங்கோடுகள்.
தொட்ட இடத்திலேயே முழுக் கறுப்பு.
காலை அழுத்தும் மனிதனுக்கு
அரை நொடியாவது பிடிக்கும்;
இந்தக் கோடுகளுக்கு அந்த அரை நொடி இல்லை.
டயரிலும் ஒரே இடத்தில்தான் தேய்மானம்,
என் உள்ளங்கை அகலத்துக்கு.
அப்படியென்றால் ஆகாயத்திலேயே
நின்றுபோயிருக்கிறது சக்கரம்.

யார் நிறுத்தியது?

கொட்டகையைக் கூட்டும் ஹில்யா
துணியைப் பிழிந்தபடி கேட்டாள்:
"தண்ணியத் துடைச்சது தப்பா?"
எந்தத் தண்ணி?
"சக்கரத்துக்கு அடியில. ரெண்டு பக்கமும்.
அரை வாளி இருக்கும்."
கொட்டப் போனவளின் கையைப் பிடித்தேன்.

வாளியின் அடியில் சிவப்பு மணல்.
இங்கே மணல் சாம்பல் நிறம்.
சிவப்பு, நூற்றிருபது கிலோமீட்டர் தெற்கே,
காலையில் அவர் கிளம்பிய சரளைப் பாதையில்.
அங்கே பனி சேறாகக் குழைந்து கிடந்திருக்கிறது.
ஓடி எழும்பிய வேகத்தில்
சக்கர உறைக்குள் அப்பிக்கொண்டு
மேலே மைனஸ் பதினான்கில், நாற்பது நிமிடம்,
கல்லாகியிருக்கிறது.
கீழே உலர்ந்த தார்.
மூக்கு குத்தி ஒரு கரணம்.

குளிர்காலத்துக்கு உறையைக் கழற்றுவதில்லையா?

ரெய்னோ சன்னலைப் பார்த்தார்.
அக்டோபரில் உட்கார்ந்தாராம்.
ஐந்து திருகுகள் கழன்றன.
ஆறாவதன் தலை மழுங்கிப்போய்
திருப்புளி வெறுமனே சுழன்றது.
இருட்டிவிட்டது, பசி வேறு.
ஐந்தையும் திரும்ப மாட்டிவிட்டு
வீட்டுக்குப் போனார்.

பிரேக்கை நீங்கள் தொடவில்லை, உண்மைதான் என்றேன்.
சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

ஹில்யா ஒரு ஜாம் பாட்டிலைக் கழுவிக் கொண்டுவந்தாள்.
கலங்கிய நீரை மணலோடு ஊற்றினேன்.
ரெய்னோ அதை வாங்கி
மார்போடு அணைத்துக்கொண்டு
இடக்கையால் மூடியைத் திருகினார்,
ஒரு சுற்று, இன்னொரு சுற்று.
நன்றாகவே பிடித்தது.