கதையாதோர் பெயர்கள்

தம்பிலுவில். தரம் பத்து, பி பிரிவு.
கணக்குப் பாடம் முடிந்து நான் நுழைகையில்
பலகையின் வலது மூலையில்
மொனிட்டர் யதுர்ஷிகாவின் சாய்ந்த எழுத்து:
கதைத்தவர்கள் –
டிலோஜன், சஜிந்தா, மறுகா டிலோஜன்,
அவன் பெயருக்குப் பக்கத்தில் மூன்று புள்ளடி.

அதை அழிக்காமலே
"எனிபொடி?" என்று கேட்டேன்.
கச்சான் காற்று யன்னலை அடித்தது.
வேறு பதில் இல்லை.
முப்பத்தெட்டுத் தலைகள் கொப்பிக்குள்.
டிலோஜன்கூட
சப்பாத்து நாடாவை அவிழ்த்துக் கட்டினான்.

நாலு பாடவேளை
வாயைப் பொத்தச் சொன்ன பிள்ளைகளிடம்
ஐந்தாவதாக வந்து
வாயைத் திற என்கிறேன்,
அதுவும் இன்னொரு பாஷையில்.

வெண்கட்டியை யதுர்ஷிகாவிடம் நீட்டினேன்.
இண்டைக்குக்
கதையாத ஆக்கள்ர பெயரை எழுது.

எழுதினாள்.
பலகை போதவில்லை; எழுத்துச் சிறுத்தது,
கடைசிப் பெயர்கள் சட்டத்தில் ஏறின.
அப்போதுதான் டிலோஜன் எழும்பினான்:
"டீச்சர், ஷீ... ஷீ நொட் டோக்.
ஷீ ஒன்லி ரைட்."

இலக்கணம் பிழை.
கண்டது சரி.
சிவப்புப் பேனையை மூடி வைத்தேன்.

தன் பெயரில் பாதி எழுதியவள்
சட்டெனத் திரும்பி
"ஐ ஆம் டோக்கிங் நவ்!" என்றாள்,
எழுதியதை உள்ளங்கையால் அழித்தபடி.
"மீ டூ!" "மீ டூ டீச்சர்!"
அழிக்க வந்தவர்கள் முண்டியடித்ததில்
பலகையடியில் வெண்தூள் மழை.

ஒன்பது ஏயிலிருந்து கணக்குச் சேர்
வாசலில் வந்து நின்று
"என்ன புள்ளையள், டீச்சர் வரல்லியா?"

கடைசி வாங்கில் இருந்து
கையை உயர்த்தினேன்.